கணக்கெடுப்புத் தாளில் ஒரு பேரன்

என் மாப்பிள்ளை ஸ்காட்லாந்துக்காரர். பேத்தி பிறந்தபோது நான்கு மாதம் எடின்பரோவில் இருந்தேன். அவருடைய முன்னோர் ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் உள்ள அபர்டீன்ஷயரில் சின்ன விவசாயிகள் என்பதுதான் அவர்களுக்கே தெரிந்திருந்தது. குழந்தை தூங்கும் நேரங்களில் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் என்ற அரசு ஆவண இணையதளத்தில் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களைத் தேட ஆரம்பித்தேன்.

முதல் நாளே குழப்பம். 1841-ல் 60 வயது என்றிருந்த குடும்பத் தலைவருக்கு 1851-ல் 72. இது வேறு ஆளோ என்று விட்டுவிடப் பார்த்தேன். அப்புறம்தான் புரிந்தது. 1841-ல் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். யார் யாருக்கு என்ன உறவு என்பதும் அந்த ஆண்டுத் தாளில் கிடையாது. 15 என்று போட்டிருந்த பெண்ணை மகள் என்று நானாகத்தான் ஊகித்தேன்.

1851 தாளில் உறவு, பிறந்த ஊர், நிலத்தின் அளவு எல்லாம் இருந்தன. 12 ஏக்கர். மனைவி. அதற்குக் கீழே 'பேரன், வயது 4'. ஆனால் குடும்பப் பெயர் வேறு. மகளைக் காணோம்.

அவளைத் தேடியே இரண்டு வாரம் போனது. சில மைல் தள்ளி ஒரு பெரிய பண்ணையில் வேலைக்காரியாக இருந்தாள். வயது 26, மணமாகாதவள். அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்தில் பண்ணையாட்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மே மாதமும் நவம்பரும், சந்தையில் பேசி அமர்த்துவார்கள். கணக்கெடுப்பு மார்ச் 30 இரவு நடந்தது. இரண்டு மாதம் தள்ளி எடுத்திருந்தால் அவள் வேறு பண்ணையில் இருந்திருக்கலாம், எனக்குக் கிடைக்காமலே போயிருக்கலாம்.

1855-க்கு முன் அரசாங்கப் பிறப்புப் பதிவு அங்கே இல்லை. அதனால் திருச்சபை மூப்பர்களின் குறிப்பேட்டைப் பார்த்தேன். 1847 தொடக்கத்தில் அவளை வரவழைத்து, குழந்தைக்குத் தகப்பன் யார் என்று கேட்டுக் கண்டித்திருக்கிறார்கள். அவள் சொன்ன பெயர் ஓர் உழவுக்காரனுடையது. அந்தப் பெயரைத்தான் பையன் சுமந்தான். வடகிழக்குப் பண்ணை ஊர்களில் அன்று இது அபூர்வம் இல்லை. பிள்ளையைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டுத் தாய் மறுபடி வேலைக்குப் போவாள், அவ்வளவுதான். இருந்தாலும் அந்த நாலு வரிக் கையெழுத்தைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. வயதான ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருக்க, நடுவில் அந்தப் பெண் தனியாக நின்றிருப்பாள்.

1861-ல் தாத்தா இல்லை. பாட்டி தனியாக இருந்தாள். ஜன்னல் உள்ள அறைகள் எத்தனை என்று அந்த ஆண்டு ஸ்காட்லாந்தில் கேட்டார்கள். அவள் வீட்டில் இரண்டு. பையனுக்கு 14 வயது, பக்கத்து ஊரில் மாடு பார்க்கும் வேலை. தாயின் பெயர் அந்த வருடம் எங்கும் அகப்படவில்லை.

1871 தாளை மாப்பிள்ளையும் நானும் சேர்ந்துதான் திறந்தோம். அதே 12 ஏக்கர். குடும்பத் தலைவர், வயது 24, அந்தப் பையன். அடுத்த வரியில் வேறு குடும்பப் பெயரோடு 46 வயதுப் பெண். உறவு என்ற கட்டத்தில் 'தாய்'.

மாப்பிள்ளை ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் எழுந்துபோய்த் தன் அம்மாவுக்குப் போன் போட்டார்.