ரெயில்கார்டு காலாவதி, ரயில் நிறுவனத்தின் கடிதம்: என்ன பதில் எழுதுவது?

காலைவண்டி: இங்கிலாந்தில் படிக்கிறேன். 16-25 ரெயில்கார்டு (இளைஞர்களுக்கான ரயில் கட்டணத் தள்ளுபடி அட்டை) முடிந்து 19 நாள் ஆகியிருந்தது. ஆப்பில் பழைய தெரிவு அப்படியே இருந்ததால் தள்ளுபடி டிக்கெட் வந்துவிட்டது. டிக்கெட் சோதகர் என் பெயர், முகவரி, என் பதில்களை எழுதிக் கையெழுத்து வாங்கினார். இப்போது, வழக்குத் தொடர யோசிப்பதாகவும் 14 நாளில் விளக்கம் தரும்படியும் கடிதம். கார்டைப் புதுப்பித்துப் படம் அனுப்பினால் போதுமா?

நடைமேடை4: 100 பவுண்டு அபராதம்தானே? அப்பீல் போடுங்கள்.

சிக்னல்கம்பம்: இல்லை, அது வேறு. 100 பவுண்டும் ஒருவழிக் கட்டணமும் சேர்ந்த பெனால்டி ஃபேர் என்ற அபராதச் சீட்டு (21 நாளுக்குள் கட்டினால் 100க்குப் பதில் 50) கொடுத்திருந்தால்தான் அந்த அப்பீல். இங்கே அது கொடுக்கப்படவேயில்லை.

புதுப்பித்த கார்டும் போதாது தம்பி. பயண நாளில் செல்லுபடியான கார்டு இருந்ததா என்பதே கேள்வி. கார்டை வீட்டில் மறந்தவர் கூடுதலாகக் கட்டியதை 12 மாதத்துக்கு ஒருமுறை திரும்பக் கேட்கலாம். காலாவதியானதற்கு அந்தச் சலுகை கிடையாது.

கடிதத்தில் எந்தச் சட்டம் குறிப்பிட்டிருக்கிறது என்று பாருங்கள். ரயில்வே துணைவிதி 18 என்றால், செல்லுபடியான டிக்கெட் இல்லாமல் ஏறியதே குற்றம். எண்ணத்தை யாரும் நிரூபிக்க வேண்டாம். 1889ஆம் ஆண்டு ரயில்வே ஒழுங்குமுறைச் சட்டத்தின் பிரிவு 5(3) என்றால், கட்டணத்தைத் தவிர்க்கும் நோக்கம் இருந்ததை அவர்கள் நிரூபிக்க வேண்டும். இரண்டுக்கும் 1000 பவுண்டு வரை அபராதம்; பின்னதற்குச் சட்டப்படி 3 மாதம் வரை சிறையும் உண்டு. ஆக, 'தேதியைக் கவனிக்கவில்லை' என்பது 1889 சட்டத்துக்கு நல்ல பதில், துணைவிதிக்குப் பதிலே அல்ல. அதனால்தான் வாதாடுவதைவிடச் சமரசம் கேட்பது மேல்.

அரைப் பக்கம் போதும். மேலே அவர்களுடைய குறிப்பு எண், பயண நாள். கார்டு எந்தத் தேதியில் முடிந்தது, ஏன் தெரியாமல் போனது என்று இரண்டு வரி. வருத்தம். முழுக் கட்டணத்தையும் நியாயமான நிர்வாகச் செலவையும் கட்டத் தயார், நீதிமன்றத்துக்கு வெளியே முடித்துக்கொள்ள வேண்டுகிறேன் என்று நேரடியாக ஒரு வரி. படிக்கும் துறைக்குக் குற்றப்பதிவு தடையாகுமென்றால் அதையும் சொல்லுங்கள். குடும்பக் கஷ்டத்தை நீட்டி எழுதினால் யாரும் படிக்கப்போவதில்லை. சோதகரிடம் சொன்னதற்கு முரணாக எதுவும் வேண்டாம். அந்தக் குறிப்பு அவர்கள் கையில் இருக்கிறது. சமரசத்துக்கு ஒப்புவது அவர்கள் விருப்பம், உங்கள் உரிமையல்ல.

காலைவண்டி: அந்த 19 நாளில் இன்னும் மூன்று பயணம் அதே தள்ளுபடியில். சொல்ல வேண்டுமா?

சிக்னல்கம்பம்: கேட்டது ஒரு நாளைப் பற்றி, அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஆனால் 'இதுவே முதல் தடவை' என்று எழுதிவிடாதீர்கள். டிக்கெட் விற்றவரிடமிருந்து கணக்கு விவரம் அவர்களுக்குக் கிடைக்கக்கூடும், அப்போது அந்த ஒரு வரியே நோக்கத்துக்குச் சாட்சி. பழைய பயணங்களின் பட்டியல் வந்தால் நீங்களாகவே பதில் எழுதாமல் வழக்கறிஞரைப் பாருங்கள்.

கடைசிப்பெட்டி: முகவரி மாறினால் உடனே தெரிவியுங்கள், எல்லாம் தபாலில்தான் வரும். சம்பவம் நடந்து 6 மாதத்துக்குள் வழக்குத் தொடங்க வேண்டும். சும்மா இருந்தால் மறந்துவிடுவார்கள் என்று நம்ப வேண்டாம். ஒற்றை நீதிபதி நடைமுறை (விசாரணைக்கு அழைக்காமல் ஒரே மாஜிஸ்திரேட் ஆவணங்களைப் பார்த்து முடிவு செய்வது) அறிவிப்பு வந்தால் பதில் சொல்ல 21 நாள். அதில் 1889 சட்டம் இருந்தால் கேள்வி கேளுங்கள்: அந்தச் சட்டத்துக்கு அந்த நடைமுறை செல்லாது என்று 2024 ஆகஸ்டில் தலைமை மாஜிஸ்திரேட் மாதிரிக்காக எடுத்துக்கொண்ட சில வழக்குகளில் தீர்ப்பளித்தார். துணைவிதி வழக்குகளுக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது. உங்களுக்குத் தெரியாமலே தண்டனை விழுந்திருந்தால், தெரிந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் நீதிமன்றத்தில் சத்தியப் பிரகடனம் (வழக்கு பற்றித் தெரியாது என்று உறுதிமொழி) கொடுத்து வழக்கைத் திரும்பத் திறக்கலாம்.

ஸ்காட்லாந்தில் நடைமுறை வேறு. இது இங்கிலாந்து, வேல்ஸுக்கு மட்டும்.