கடன் கேமராவில் எடுத்த படங்களை எப்படிப் பத்திரப்படுத்துகிறீர்கள்?

வணக்கம் நண்பர்களே. புகைப்படக் கலை படிக்கிறேன். சொந்தக் கேமரா கிடையாது, துறையில் தருவதைத்தான் மாறி மாறி எடுத்துப்போகிறோம். மறுநாள் காலை கார்டோடு திருப்பித் தரவேண்டும். அடுத்து வாங்குபவர் முதல் வேலையாக ஃபார்மட் செய்துவிடுவார், அதனால் அன்றிரவே நகலெடுத்தாக வேண்டும்.

சிக்கல் இங்கேதான். ஒவ்வொரு முறையும் வேறு கேமரா கைக்கு வருகிறது. படக் கோப்புகளின் எண்கள் 9999 வரை போய் மறுபடி 0001-க்கே திரும்புவதால், ஒரே பெயரில் இரண்டு படங்கள் வந்து நிற்கின்றன. தேதிவாரியாகப் பிரிக்கலாமென்றால், முன்பு வைத்திருந்தவர் கேமராவின் தேதியைக் கண்டபடி மாற்றியிருப்பார்! நகலெடுக்கும்போதே பெயர் மாற்றித்தரும் இலவச மென்பொருள் ஏதாவது பயன்படுத்துகிறீர்களா?

அப்புறம், மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில் என்கிற 3-2-1 முறை தெரியும். ஆனால் ரா கோப்புகள் (கேமரா பதியும் பெரிய மூலக் கோப்புகள்) முழுவதையும் கிளவுடில் ஏற்ற என் இணையம் தாங்காது. தேர்ந்தெடுத்தவற்றை மட்டும் ஏற்றிவிட்டு, மீதியை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் வைத்தால் போதுமா?

இன்னொன்று. கேமராவை வாங்கியதும் எஃப் 16-இல் (லென்ஸ் துளையை நன்றாகச் சிறிதாக்கினால்தான் தூசி தெரியும்) வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துவைக்கிறேன், சென்சார் தூசி யார் காலத்தது என்று பின்னால் பேச்சு வரக்கூடாதே. வேறு என்னென்ன பார்த்து வாங்கவேண்டும்?