பூட்டு உடையவே இல்லை: வீட்டில் திருட்டு, ஏமாற்று, நாம் பட்டவை

திருவெறும்பூர் மருமகள்:

2019 மே மாதம். கொழுந்தன் பிள்ளைக்கு முடியிறக்கிக் காது குத்த, புதுக்கோட்டைப் பக்கம் குலதெய்வம் கோயிலுக்குப் போனோம். மூன்று இரவு. கிளம்பும்போது எல்லாம் சரியாகச் செய்துவிட்டதாகத்தான் நினைப்பு. சிலிண்டர் மூடியாச்சு, பால்காரரிடம் சொல்லியாச்சு, முன்கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாச்சு.

நாலாம் நாள் காலை ஆறரைக்குத் திரும்பினோம். முன்கதவு விட்டுப்போன மாதிரியே இருந்தது. திறந்ததும் முகத்தில் காற்று அடித்தது. மூன்று நாள் அடைத்த வீட்டில் காற்று எப்படி வரும்? என் மாமியார்தான் முதலில் கொல்லைப்பக்கம் ஓடினார். கொல்லைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. தரையெல்லாம் மிளகாய்ப் பொடி.

அந்தக் கதவுக்கு ஏழு லீவர் பூட்டு போட்டிருந்தோம். பூட்டு உடையவே இல்லை. பூட்டியபடியே நாதாங்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. நாதாங்கிதான் மரத்தோடு பிய்ந்து வந்திருந்தது. கீழே முக்கால் அங்குல ஸ்க்ரூ நாலு கிடந்தன. உள்ளே போட்டிருந்த தாழ்ப்பாளின் கொண்டியும் அதே கதி. கடப்பாரையை நிலைக்கும் கதவுக்கும் நடுவில் கொடுத்து ஒரே நெம்பு நெம்பியிருக்கிறார்கள். முன்கதவுக்குத் தேக்கு வாங்கி, சூரியகாந்திப் பூ செதுக்கி, பித்தளைக் குமிழ் வைத்தோம். கொல்லைக் கதவை மிச்சப் பணத்தில் முடித்தோம். வீடு கட்டுகிற பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறோம் என்று இப்போது தெரிகிறது. திருடன் முன்வாசலுக்கு வருவதில்லை.

பீரோ சாவி புடவை அடுக்குக்குக் கீழே இருந்தது. அதை எடுக்க அவர்களுக்குப் பெரிய நேரம் ஆகியிருக்காது. பதினோரு பவுன் போயிற்று. அதில் என் அம்மா போட்ட ஒட்டியாணமும் சேர்த்தி.

பதற்றத்தில் நாங்கள் எல்லாரும் பீரோவைத் திறந்து துழாவிவிட்டோம். கைரேகை எடுக்க வந்தவர் எங்கள் ஆறு பேர் ரேகையையும் தனித்தனியாக வாங்கிக் கழிக்க வேண்டியதாயிற்று. தயவுசெய்து யாருக்காவது இப்படி நடந்தால் எதையும் தொடாதீர்கள், வாசலிலேயே நின்று 100க்கோ 112க்கோ போன் செய்யுங்கள். திருடன் உள்ளேயே இருக்கவும் கூடும்.

ஸ்டேஷனில் அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 457 (ராத்திரியில் வீடு புகுதல்), 380 (வீட்டில் திருட்டு) பிரிவுகளில் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். (2024 ஜூலைக்குப் பிறகு நடந்தால் அதற்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தில் 331, 305 என்று வரும்.) எஃப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம், கேட்டு வாங்குங்கள். என்னென்ன நகை என்று எழுதிக் கொடுக்கச் சொன்னபோதுதான் நான் உடைந்துபோனேன். பதினாறு வருஷம் போட்டுக் கழற்றிய நெக்லஸில் எத்தனை கல் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஏட்டு ஒருவர் வாசலைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏம்மா, மூணு நாளா கோலம் போடலையா?" அப்போது எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்: "இந்தத் தெருவில எல்லா வாசலும் காலைல நனைஞ்சிருக்கு, கோலம் இருக்கு. உங்க வாசல் மட்டும் காய்ஞ்சு கிடக்கு. பேப்பர் மூணு கிடக்கு. வாசல் லைட்டு பகல்லயும் எரியுது. இதைவிட என்னம்மா வேணும்?"

ஆள் இருப்பதாகக் காட்டத்தான் அந்த லைட்டைப் போட்டுவிட்டுப் போனேன்.

கும்பகோணத்திலிருந்து:

படிக்கும்போதே வயிறு கலங்கிவிட்டது அக்கா. எங்கள் வீட்டில் பூட்டையே தொடவில்லை. பட்டப்பகலில், என் மாமியார் கையாலேயே எடுத்துக் கொடுத்தார்.

மதியம் பன்னிரண்டரை. ஆண்கள் வேலைக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு. நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். நன்றாக உடுத்திய பையன்கள் இரண்டு பேர், தோளில் பை. பாத்திரம் தேய்க்கும் புதுப் பவுடர், விற்க வரவில்லை, காட்டத்தான் வந்திருக்கிறோம் என்றார்களாம். எண்ணெய் ஏறிக் கறுத்துக் கிடந்த குத்துவிளக்கை வாங்கி இரண்டு நிமிஷத்தில் தங்கமாக மின்ன வைத்தார்கள். அடுத்து வெள்ளிக் கொலுசு. அதுவும் பளிச்சென்று ஆனது. அப்புறம்தான், "பாட்டி, கழுத்துச் செயினும் அழுக்கா இருக்கே."

செயினை ஒரு கிண்ணத்தில் இருந்த தண்ணீரில் முக்கிப் பிரஷ்ஷால் தேய்த்திருக்கிறார்கள். பிறகு மஞ்சள் தூள் கரைத்த சொம்பில் போட்டு மூடி, "பத்து நிமிஷம் அடுப்பில வைங்க, அதுக்கு முன்னாடி திறக்காதீங்க, நிறம் போயிடும்" என்று சொல்லிக் கையில் கொடுத்துவிட்டு நடையைக் கட்டிவிட்டார்கள். நான் இறங்கி வரும்போது மாமியார் அடுப்பங்கரையில் சொம்பைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

செயின் உள்ளேதான் இருந்தது. அதனால் நாங்கள் நிம்மதியாகிவிட்டோம். இரண்டு நாள் கழித்து, கண்ணி மெலிந்த மாதிரி இருக்கிறதே என்று பட்டறைக்கு எடுத்துப் போனோம். மூன்று பவுன் செயின், 24 கிராம் இருக்க வேண்டும். தராசு 20 கிராம் 400 மில்லி காட்டியது. பட்டறைக்காரர் சொன்னார், அந்தக் கிண்ணத்தில் இருந்தது ராஜதிராவகம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கு, நைட்ரிக் அமிலம் ஒரு பங்கு. தனித்தனியாக இரண்டுக்கும் தங்கம் கரையாது, சேர்ந்தால் கரையும். கரைந்த தங்கத்தைப் பிறகு அந்தத் திரவத்திலிருந்து பிரித்து எடுத்துக்கொள்வார்கள். அடுப்பு, மஞ்சள் எல்லாம் அவர்கள் தெரு முனையைத் தாண்டுவதற்கான நேரம்.

மூன்றரை கிராமுக்கு மேல் போனதைவிட எனக்கு வலித்தது மாமியார் அதன்பிறகு இருந்த இருப்பு. நாற்பது வருஷம் இந்தக் குடும்பத்தைக் கட்டி ஆண்டவர். ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை, சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துபோவார். என் நாத்தனார் போனில் தன் அம்மாவிடம், "உனக்கு எங்கம்மா புத்தி போச்சு" என்று கேட்டதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஏமாற்றியவன் இதையே தொழிலாக வைத்திருப்பவன். ஏமாந்தவரைக் குற்றவாளி ஆக்கினால் அடுத்த முறை நடந்ததை நம்மிடம் சொல்லவே மாட்டார்கள். அதுதான் பெரிய ஆபத்து.

இப்போது கேட் எப்போதும் உள்பக்கம் பூட்டு. யார் வந்தாலும் கேட்டுக்கு வெளியே நின்றுதான் பேச்சு. தண்ணீர் கேட்டால் கம்பி வழியாகச் சொம்பை நீட்டுகிறோம். வாசலுக்கு வந்தவருக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்ல மாமியார் ஒத்துக்கொள்ள மாட்டார், அதை மாற்றச் சொல்ல எனக்கும் மனசில்லை.

கூடுவாஞ்சேரி வாசகர்:

சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் கேமரா நாலு இருந்தது. வந்தவர்கள் டிவிக்குப் பக்கத்தில் இருந்த டிவிஆர் பெட்டியையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பதிவெல்லாம் அதற்குள்தான். கேமரா பொருத்தியவர் வயரை இழுக்கச் சுலபமான இடத்தில் வைத்துவிட்டுப் போனார், நாங்களும் யோசிக்கவில்லை. இப்போது பெட்டி பரணில், பழைய பெட்டிகளுக்குப் பின்னால் இருக்கிறது. வாசல் கேமரா ஒன்றின் பதிவு மட்டும் இணையத்தில் ஏறும்படி செய்திருக்கிறோம். அதோடு எல்லாக் கேமராவும் உயரத்தில் இருந்தால் தொப்பிதான் தெரியும், முகம் தெரியாது. ஒன்றையாவது கேட் பக்கம் ஆள் உயரத்துக்கு இறக்குங்கள்.

காங்கேயத்துக்காரன்:

எங்களுது தோட்டத்து வீடுங்க. நான் பெங்களூர்ல வேலை. அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 69. பக்கத்துச் சாளைக்கு, அதாவது அடுத்த தோட்டத்து வீட்டுக்கு, நடந்து போனா பத்து நிமிசம். 2024 நவம்பர்ல பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுல மூணு பேரைக் கொன்னாங்க. அடுத்த வருசமே சிவகிரி பக்கம் வயசான தம்பதி. அந்தச் சேதி வந்த ராத்திரி நான் ரெண்டு மணிக்கு போன் பண்ணினேன். அப்பா எடுத்து, "ஏன் சாமி, நல்லாத்தான இருக்கற?" னு என்னைக் கேட்டாரு.

டவுனுக்கு வந்திருங்கன்னு எத்தனை சொல்லியும் கேக்கலை. மாடு இருக்குது, தென்னை இருக்குதுன்னாங்க. அவுங்க சொல்றதுலயும் நாயம் இருக்குதுங்க. அதனால வீட்டைச் சுத்தி யோசிச்சோம்.

முதல்ல நகையை எல்லாம் பேங்க் லாக்கர்ல வெச்சுட்டு, அதை ஊருக்கே தெரியற மாதிரிச் சொன்னோம். கடையில, கோயில்ல, களையெடுக்க வர்றவங்ககிட்ட, எல்லாத்துகிட்டயும். வீட்டுல ஒண்ணுமில்லைங்கற சேதி பரவறதுதான் எனக்குப் பெரிய தெம்பு. அப்புறம் அப்பா கட்டில் தலைமாட்டுல ஒரு ஸ்விட்ச். அதை அமுக்குனா கூரை மேல இருக்கற சைரன் அலறும், களத்து லைட்டு மொத்தமும் எரியும். பேட்டரில ஓடற மாதிரி வெச்சிருக்கோம், கரண்டு நின்னாலும் அடிக்கும். பக்கத்து மூணு சாளைலயும் இதே மாதிரி. எந்தச் சாளைல அடிச்சாலும் மத்த மூணு பேரும் முதல்ல அவுங்கவுங்க லைட்டைப் போடோணும், 112க்குச் சொல்லோணும், அப்புறம் ஒண்ணாச் சேர்ந்துதான் கிளம்போணும், தனியாப் போகக் கூடாது. இது நாங்க உக்காந்து பேசி முடிவு பண்ணுனது.

போன மாசம் ராத்திரி பதினொண்ணு இருக்கும், சைரன் அடிச்சிருக்குது. மூணு சாளைலயும் லைட்டு. ஏழு நிமிசத்துல ஒம்பது பேர் எங்க களத்துல நின்னாங்களாம். பார்த்தா, கன்னுக்குட்டி அவுத்துட்டுக் கதவை முட்டியிருக்குது. அம்மா வந்தவங்களுக்கெல்லாம் காப்பி வெச்சுக் குடுத்தாங்க. ஒருத்தரும் சலிச்சுக்கலை. அந்த ஏழு நிமிசத்தைக் கேட்டதுக்கப்புறம்தான் எனக்குத் தூக்கமே வருதுங்க.

மதுரையிலிருந்து ஒருவர்:

ஊருக்குப் போகும்போது ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போனால் உண்மையிலேயே பார்த்துக்கொள்கிறார்களா? வீடு பூட்டியிருக்கிற சேதியை இன்னும் நாலு பேருக்குச் சொல்வதாகிவிடாதா என்று என் கணவர் பயப்படுகிறார். லாக்கரும் முழுப் பாதுகாப்புதானா?

திருவெறும்பூர் மருமகள்:

உங்கள் கணவருக்கு வந்த சந்தேகம் எங்களுக்கும் வந்தது. திருட்டுக்குப் பிறகு இரண்டு முறை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனோம். வெள்ளைத் தாளில் முகவரி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எங்கள் போன் எண், பக்கத்து வீட்டு எண், அவ்வளவுதான். இரண்டாவது முறை ராத்திரி ஒன்றரைக்கு ரோந்துக் காவலர் எங்கள் கேட் முன்னால் நின்றுகொண்டே போன் செய்து, "மாடியில லைட் எரியுதும்மா, நீங்க போட்டதா?" என்று கேட்டார். நாங்கள் டைமர் வைத்துவிட்டு வந்த லைட்தான். எங்கள் ஸ்டேஷன் அனுபவம் இது. சொல்லிவிட்டுப் போவது நல்லது என்பேன். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கோயில் படத்தைப் போடுவதுதான் ஊருக்கே சொல்வது. அதைத் திரும்பி வந்த பிறகு போடுங்கள்.

லாக்கர் பற்றி: திருட்டோ தீயோ கட்டடம் இடிவதோ, வங்கி ஊழியரின் மோசடியோ நடந்து நகை போனால், வங்கியின் பொறுப்பு லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு வரைதான். ரிசர்வ் வங்கியின் இந்த விதி 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை 2,000 என்றால் உச்சமாக இரண்டு லட்சம். இன்றைய பவுன் விலையில் அது எத்தனை பவுனுக்கு வரும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். ஆனாலும் வீட்டு பீரோவைவிட லாக்கர் எவ்வளவோ மேல். நானும் அங்கேதான் வைத்திருக்கிறேன்.

பதினோரு பவுனில் நாலு பவுன் பதினாலு மாதம் கழித்துக் கிடைத்தது. நகை கோர்ட்டில் இருந்தது, மனுப் போட்டு வாங்கினோம். எங்களுடையதுதான் என்று காட்ட உதவியது கொழுந்தன் கல்யாண ஆல்பம். ஒரு படத்தில் என் கையில் அந்த வளையல் தெளிவாக விழுந்திருந்தது, பூட்டுக்குப் பக்கத்தில் இருந்த நசுங்கலோடு. இப்போது ஒவ்வொரு நகையையும் வெள்ளைத் துணியில் வைத்து இரண்டு பக்கமும் படம் எடுத்து, எடையோடு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி இருக்கும். அதையும் லென்ஸ் வைத்துப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஒட்டியாணம் கிடைக்கவில்லை.

கொல்லைக் கதவை மாற்றினோம். ஆசாரி நாதாங்கிக்கு ஸ்க்ரூ வேண்டாம் என்றார். கதவை ஊடுருவிப் போகிற போல்ட், உள்பக்கம் வாஷர் வைத்து நட்டு. வெளியே உருண்டைத் தலை மட்டும்தான் தெரியும், ஸ்பேனரும் பிடிக்காது, டிரைவரும் பிடிக்காது. கூலியோடு சேர்த்து அன்றைக்கு அறுநூறு ரூபாய்கூட ஆகவில்லை. நிலையில் கொண்டி இருக்கும் இடத்தில் ஒரு இரும்புப் பட்டை பதித்தார். பூட்டு வாங்கப் போகிற யாரும் முதலில் தங்கள் வீட்டு நாதாங்கியின் ஸ்க்ரூவைக் கழற்றி நீளம் பாருங்கள்.

இப்போதெல்லாம் ஊருக்குப் போனால் எதிர்வீட்டு அக்கா காலையில் எங்கள் வாசலையும் சேர்த்துத் தெளித்துக் கோலம் போட்டுவிடுகிறார். பேப்பரை எடுத்து வைப்பதும் அவர்தான். அவர்கள் ஊருக்குப் போனால் நான். எனக்கு நாலு புள்ளிக் கோலத்துக்கு மேல் வராது. போன தைப்பூசத்துக்குப் பழனி போய்விட்டு விடிகாலையில் வந்து இறங்கினோம். எங்கள் வாசலில் பதினைந்து புள்ளியில் பெரிய சிக்குக் கோலம், ஈரம்கூடக் காயவில்லை. மாமியார் அதை மிதிக்காமல் ஓரமாக நடந்து போய்க் கேட்டைத் திறந்தார்.