தசையை இழுக்கிற புரோட்டீன்தான் மயோசின்; ஒரே இழுப்பு வேலைக்கு எதுக்கு இத்தனை மயோசின் ஜீன்?

கேள்வி: சீக்வென்ஸை (அமினோ அமில வரிசையை) அடுக்கிப் பார்த்தா முக்கால்வாசி ஒரே மாதிரிதான் இருக்கு, அப்புறம் எதுக்குங்க இத்தனை? மண்டை காயுது.

பதில்: வேலை ஒண்ணு, வேகம் வேற. இதயத்துல வர்ற எம்ஒய்எச்6, எம்ஒய்எச்7ங்கிற மயோசின் ஜீன் ரெண்டும் 14வது குரோமோசோம்ல பக்கத்து பக்கத்துல இருக்கு, சுமார் 93% ஒத்துப்போகும், ஆனா 6 ஏடிபியை (செல்லோட எரிபொருள்) வேகமா உடைக்கும், 7 நிதானம், சிக்கனம்.

பதில்: வித்தியாசம் மயோசின் புரோட்டீன்ல லூப் 1, லூப் 2ன்னு தொளதொளன்னு இருக்கிற வளையத்துலதான் ஜாஸ்தி, ஏடிபி உட்கார்ற பாக்கெட்ல கை வெச்சா மோட்டாரே நின்னுடும்ல. எம்ஒய்எச்7ல 403வது அமினோ அமிலம் ஆர்ஜினின்லேர்ந்து குளூட்டமினா மாறினாலே இதயச் சுவர் தடிச்சுப்போகும், 1990லயே கண்டுபிடிச்சாச்சு.

கேட்டவர்: அப்ப எம்ஒய்எச்4?

பதில்: ஜீன் இருக்கு, ஆனா நம்ம கைகால் தசைல அந்த புரோட்டீன் வர்றதில்ல. எலிக்கு நிறைய வரும் 😄