மூட்டிளக்கம், தளம்பல்: இரண்டு சொற்களுக்கான முன்மொழிவு

மதிப்புக்குரிய குழுமத்தினருக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம்.

ஆண், பெண் உடல்களின் மூட்டு நெகிழ்வும் சமநிலையும் பற்றிய பாடக்குறிப்புக்கு இந்தக் குழுமத்தில் சொல் தேடியபோது வந்த மறுமொழிகளில், மூட்டு வழக்கத்தைவிடக் கூடுதலாக இளகி அசைவதைக் குறிக்க 'மூட்டுத் தளர்ச்சி' என்பதற்கே ஆதரவு மிகுதியாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 'நரம்புத் தளர்ச்சி' என்று விளம்பரக்காரர்கள் அச்சிட்டு அச்சிட்டு அந்தச் சொல்லையே நோயாக்கிவிட்டார்கள். அதைவிடப் பெரிய குறை, இரண்டு வெவ்வேறு பொருள்களை அது ஒன்றாகக் கலந்துவிடுகிறது என்பதே.

வீட்டுக் கதவொன்றை எடுத்துக்கொள்வோம். அது சுவர்வரைக்கும் திறக்கிறதா, பாதியில் நின்றுவிடுகிறதா என்பது ஒரு கேள்வி. பிணைச்சலின் ஆணி இளகி, கதவைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் கடகடவென்று ஆடுகிறதா என்பது வேறு கேள்வி. முதலாவது, மூட்டு எவ்வளவு தூரம் அசையும் என்பதைப் பற்றியது. தசைகள் எவ்வளவு நீண்டு கொடுக்கின்றன என்பதிலும் அது தங்கியிருப்பதால் பயிற்சியினால் கூடும். அதற்கு 'நெகிழ்வு' போதும். இரண்டாவது, என்பையும் என்பையும் கட்டிவைத்திருக்கும் நார்களின் இயல்பு. பெரும்பாலும் பிறப்போடு வருவது, குழந்தைகளில் மிகுந்தும் வயது ஏற ஏறக் குறைந்தும் காணப்படுவது. இதற்கே 'மூட்டிளக்கம்' என்ற சொல்லை முன்மொழிகிறேன். ஆடுகின்ற கதிரையைத் தச்சரிடம் கொண்டுபோனால் 'பொருத்து இளகிப் போச்சு' என்றுதான் சொல்வார். 'தளர்ந்து போச்சு' என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. இளகுதல் உருகுதலையும் குறிக்குமே, சித்த மருத்துவத்தில் இளகம் என்றால் லேகியமல்லவா என்று கேட்கலாம். 'மூட்டு' முன்னால் நிற்கும்வரை அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

'துவள்வு', 'நுடக்கம்' என்ற பரிந்துரைகள் அழகானவை. அழகுதான் அவற்றின் குற்றமும். பெண்ணின் இடையை வருணித்தே பழகிய சொற்கள் அவை. மூட்டிளக்கம் பெண்களிடம் சராசரியாகக் கூடுதலாகக் காணப்படுகிறது என்பது உண்மை. ஆயினும் அது எவருடைய உடம்பிலும் அளந்து பார்க்கக்கூடிய பண்பு. 1973இல் மருத்துவர் பைற்றனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட மூட்டிளக்க அளவீட்டில் மொத்தம் 9 புள்ளிகள்: சின்னவிரல் பின்பக்கமாக 90 பாகைக்கு மேல் மடிதல், பெருவிரல் முன்கையைத் தொடுதல், முழங்கையும் முழங்காலும் 10 பாகைக்கு மேல் பின்வளைதல் ஆகிய நான்குக்கும் இடம், வலம் என்று இரண்டிரண்டு, முழங்கால் மடியாமல் குனிந்து உள்ளங்கைகளை நிலத்தில் பதித்தலுக்கு ஒன்று. (இந்தக் கடைசிப் புள்ளியைப் பயிற்சியினாலும் பெற்றுவிடலாம் என்பதால், நெகிழ்வும் இளக்கமும் அதில் கலந்தே இருக்கின்றன.) நான் இதை உயர்தர வகுப்பொன்றில் செய்துகாட்டியபோது உள்ளங்கையை நிலத்தில் பதித்தவர்கள் பெரும்பாலும் நடனம் பயிலும் பெண்பிள்ளைகளே. ஆனால் 8 புள்ளி எடுத்தவன் ஒரு சுழற்பந்து வீச்சாளன். அவன் பெருவிரலை முன்கையோடு ஒட்டவைத்ததும் கடைசி வாங்கில் இருந்தவர்கள் 'ஐயோ' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவனுடைய பெயருக்கு நேரே 'துவள்வு 8' என்று நான் எழுதியிருந்தால் கொப்பியையே கிழித்திருப்பான்.

சமநிலைக்கு வேறு சொல் வேண்டியதில்லை. ஆனால் சமநிலையை அளக்கும்போது உண்மையில் அளக்கப்படுவதற்கு ஒரு பெயர் வேண்டும். நேராக நிற்பவர் அசையாமல் நிற்பதில்லை. கணுக்காலுக்கு மேலே உடம்பு சிறிதளவு முன்னும் பின்னும் இடைவிடாமல் போய்வந்தபடி இருக்க, கண்ணும் உட்செவியும் தசை, மூட்டுகளின் உணர்வும் தரும் செய்திகளைக் கொண்டு மூளை அதைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. கண்ணை மூடினால் அந்த அசைவு கூடும். 'தள்ளாட்டம்' என்றால் குடிகாரர் நினைவுக்கு வருகிறார்; 'ஊசலாட்டம்' மனத்துக்குப் போய்விட்டது. நிறைகுடம் தளம்பாது என்பதிலுள்ள 'தளம்பல்' கச்சிதமாகப் பொருந்துகிறது. குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போனவர்களுக்கு அச்சொல்லை விளக்கவே தேவையில்லை. தமிழ்நாட்டு நண்பர்கள் 'தளும்பல்' என்று எழுதினாலும் எனக்கு மறுப்பில்லை. ஒரே பொருளுக்கு இங்கே வழங்கும் திணிவும் அங்கே வழங்கும் நிறையும், அதேபோல ஆர்முடுகலும் முடுக்கமும், இவ்வளவு காலம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கவில்லையா?

பாடக்குறிப்பின் ஒரு வரியையும் திருத்த வேண்டும். உயரத்தோடு ஒப்பிடுகையில் பெண்களின் திணிவு மையம் (உடம்பின் திணிவெல்லாம் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி) சராசரியாகச் சற்றுக் கீழே அமைந்திருப்பதைக் கொண்டு, 'ஆகவே பெண்களுக்குச் சமநிலை கூட' என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது. மையம் எங்கே இருக்கிறது என்பது ஒன்று, அதைப் பாதத்துக்கு மேலே வைத்திருக்கும் திறமை இன்னொன்று. உயரமும் பாத நீளமும் வயதும் பழக்கமும் அதில் தலையிடுகின்றன. நெகிழ்வு கூடினால் சமநிலையும் கூடும் என்பதும் அதேபோல அவசர முடிவுதான். எங்கள் ஊரில் அறுபது வயதைக் கடந்த சீவல் தொழிலாளி ஒருவருக்குக் குனிந்து கால்விரலைத் தொட வராது. தளைநாரை மாட்டிக்கொண்டு பனையின் உச்சியில் இரண்டு கையையும் விட்டுப் பாளை சீவுவார்.

எனக்கு இன்னும் சொல் அகப்படாதது, கண்ணை மூடியிருக்கும்போதும் கை எங்கே, கால் எங்கே என்று நமக்குத் தெரிகிறதே, அந்த உணர்வுக்கு. உடற்றொழிலியல் அறிஞர் செறிங்டன் 1906இல் அதற்கு 'proprioception' என்று ஆங்கிலப் பெயர் வைத்தபோது 'தன்னுடைய' என்ற பொருள் தரும் இலத்தீன் சொல்லை எடுத்துக்கொண்டார். நாம் 'தன்னுணர்வு' என்றால் அது உளவியலுக்குப் போய்விடுகிறது, 'உடல்நிலை உணர்வு' என்றால் காய்ச்சல் விசாரிப்பது போலிருக்கிறது. இப்போதைக்கு 'அங்கநிலையுணர்வு' என்று பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன். அங்கம் வடசொல்லாயிற்றே என்பவர்களுக்கு ஒரு குறிப்பு: யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிசன் மருத்துவரான கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டில் தமிழில் மருத்துவம் கற்பித்தபோது உடற்கூற்றியலை 'அங்காதிபாதம்' என்றே எழுதினார். நீளந்தான் எனக்குப் பிடிக்கவில்லை. இதைவிடக் குறுகிய சொல் எவரிடமாவது இருந்தால், அடுத்த வாரம் குறிப்பு அச்சுக்குப் போகுமுன் எழுதும்படி வேண்டுகிறேன்.