படகின் பயணப் பதிவேட்டை ஜி.பி.எஸ். கருவியைக் கொண்டு கணினியே எழுதச் செய்ய முடியுமா?

கேள்வி (மாட்டுங்காவிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். நானும் நண்பர்கள் மூவரும் சேர்ந்து 24 அடி நீளமுள்ள பழைய பாய்மரப் படகு ஒன்றை வைத்திருக்கிறோம். மழைக்காலம் முடிந்து அக்டோபரில் இறக்கினால் மே மாதக் கடைசியில் கரையேற்றும் வரை அது கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு எதிரே மிதவையில் கட்டிக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் தெற்கே எதிர்க்கரையில் உள்ள மாண்ட்வா வரை போய்த் திரும்புவது வழக்கம். அரை மணிக்கு ஒரு முறை நேரம், இடம், வேகம், திசை, காற்று ஆகியவற்றை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறோம். ஆனால் எழுதியே ஆக வேண்டிய நேரத்தில்தான் யாருக்கும் கை ஒழிவதில்லை. பிற்பகலில் வடமேற்குக் காற்று வலுத்துப் பாயைச் சுருக்க வேண்டி வரும் அந்த ஒரு மணி நேரம் எங்கள் பதிவேட்டில் பெரும்பாலும் வெற்றிடமாகவே இருக்கிறது. எழுதிய பக்கங்களிலும் உப்புத் தண்ணீர் பட்டு மை ஊறிக் கிடக்கிறது.

எங்களிடம் உள்ள கையடக்க ஜி.பி.எஸ். கருவி மிகவும் பழையது, ஆயினும் என்.எம்.இ.ஏ. 0183 (கடற்கருவிகள் ஒன்றுக்கொன்று தரவு அனுப்பும் பொது முறை) முறையில், நொடிக்கு 4800 பிட் வேகத்தில், இரண்டு விநாடிக்கு ஒரு முறை தரவை வெளியே அனுப்புகிறது. அதை யு.எஸ்.பி. மாற்றி வழியாக விண்டோஸ் மடிக்கணினியில் இணைத்து, ஜி.பி.எக்ஸ். கோப்பாக (பயணத் தடத்தைச் சேமிக்கும் கோப்பு வகை) எழுதும் சிறிய நிரல் ஒன்றை நானே பைத்தானில் எழுதினேன். 2024 டிசம்பர் 8 ஞாயிறு அன்று அதைப் படகில் வைத்துப் பார்த்தபோது ஒன்றன்பின் ஒன்றாகச் சிக்கல்கள் வந்தன. ஜி.பி.எஸ். இணைந்திருக்கும்போதே கணினியை இயக்கினால் மவுசின் அம்புக்குறி திரை முழுவதும் தாறுமாறாகத் தாவித் தானாகவே எதையெதையோ திறக்கிறது. பதிவான தேதி 24 ஏப்ரல் 2005 என்று இருந்தது. நேரம் மட்டும் சரி. படகு மிதவையில் கட்டிக் கிடந்த மூன்று மணி நேரத்தில் 2.6 கடல் மைல் ஓடியதாகக் கணக்கு காட்டியது. வரைபடத்தில் எங்கள் தடம், தெற்கே வெகு தொலைவில் உள்ள ரேவ்தண்டாவுக்கு மேற்கே நடுக்கடலில் விழுந்தது. நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. இறுதியில் மடிக்கணினியின் பேட்டரி தீர்ந்தது. அதன்பின் அந்தக் கோப்பை எந்த மென்பொருளும் திறக்கவில்லை.

நான் எதிர்பார்ப்பது பெரிதல்ல. படகு கிளம்பியது முதல் திரும்பியது வரை, அரை மணிக்கு ஒரு வரியாக, நம்பத்தகுந்த பதிவு வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் வழி காட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி (செம்பூரிலிருந்து)

வணக்கம். தாங்கள் குறிப்பிட்ட ஒவ்வொன்றுக்கும் தெளிவான காரணம் உண்டு. கருவியில் பெரிய பழுது இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அம்புக்குறி தாவுவது பலரும் கண்ட சிக்கல்தான். விண்டோஸ் தொடங்கும்போது சீரியல் வாயிலில் இடைவிடாமல் எழுத்துகள் வந்தால், அங்கே பழைய வகை மவுஸ் இணைந்திருப்பதாக அது கருதிக்கொள்கிறது. கருவிகளின் பட்டியலில் 'சீரியல் பால்பாயின்ட்' என்ற பெயரில் ஒன்று புதிதாக முளைத்திருக்கும். அதை நீக்கிவிடாமல் முடக்கி வையுங்கள். நீக்கினால் அடுத்த முறை மீண்டும் வந்துவிடும். கணினி முழுதாக இயங்கத் தொடங்கிய பிறகு ஜி.பி.எஸ். கம்பியைச் செருகினாலும் போதும்.

தேதிக் குழப்பத்துக்குக் காரணம் தங்கள் கருவியின் வயது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் தேதியை நேரடியாக அனுப்புவதில்லை. வார எண்ணையும் அந்த வாரத்துக்குள் கழிந்த விநாடிகளையுமே அனுப்புகின்றன. அந்த வார எண்ணுக்குப் பழைய முறையில் பத்து பிட் மட்டுமே இடம் என்பதால், 1024 வாரங்களுக்கு ஒரு முறை அது மீண்டும் பூச்சியத்துக்கு வந்துவிடும். முதல் முறை 1999 ஆகஸ்டிலும் அடுத்த முறை 2019 ஏப்ரல் 6 நள்ளிரவிலும் அப்படி நடந்தது. பழைய மென்பொருள் உள்ள கருவிகள் இரண்டாவது சுற்று முடிந்ததை அறியாமல் 1999 முதல் திரும்ப எண்ணத் தொடங்கிவிட்டன. 1024 வாரம் என்பது 7168 நாள். தங்கள் 24 ஏப்ரல் 2005 உடன் 7168 நாளைக் கூட்டிப் பாருங்கள், சரியாக 8 டிசம்பர் 2024 வரும். நாட்களின் எண்ணிக்கை ஏழால் மீதியின்றி வகுபடுவதால் அந்த 2005ஆம் ஆண்டுத் தேதியும் ஞாயிற்றுக்கிழமைதான். கருவியைத் தூக்கி எறிய வேண்டாம். நிரலில் அந்த ஒரு கூட்டலைச் சேர்த்தால் போதும்.

தடம் நடுக்கடலில் விழுந்ததற்குக் காரணம் அகலாங்கு எழுதப்படும் முறை. கருவி அனுப்பும் வரிகளில் நேரம், இடம், வேகம், தேதி ஆகியவற்றைத் தருவது ஆர்.எம்.சி. வரி. அதில் 1851.437 என்று வந்தால் அது 18 பாகை, 51.437 கலை (பாகையின் அறுபதில் ஒரு பங்கு) என்று பொருள்படும். முதல் இரண்டு இலக்கங்களைப் பாகையாகப் பிரித்து, மீதியை அறுபதால் வகுத்துக் கூட்டினால் 18.85728 கிடைக்கும். நெட்டாங்கில் பாகைக்கு மூன்று இலக்கம் என்பதையும் கவனியுங்கள். தாங்கள் வெறுமனே நூறால் வகுத்து 18.51437 என்று எடுத்திருக்கிறீர்கள் என நினைக்கிறேன். அந்த வேறுபாடு மட்டுமே தெற்கே 20 கடல் மைலுக்கு மேல் ஆகிறது; நெட்டாங்கிலும் அதே பிழை நேர்வதால் மேற்கே ஏறத்தாழ 19 கடல் மைல் தள்ளிப் போகும். ரேவ்தண்டாவுக்கு மேற்கே படகு தெரிந்ததும் இதனால்தான்.

கட்டிக் கிடந்த படகு 2.6 கடல் மைல் ஓடிய கதையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்; பதிவேட்டின் நம்பகத்தன்மையே இதில்தான் இருக்கிறது. தங்கள் கருவி கலையை மூன்று தசம இலக்கம் வரை தருகிறது. ஒரு கலை அகலாங்கு என்பது ஏறத்தாழ ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர். எனவே கடைசி இலக்கம் ஒன்று மாறினாலே இடம் 1.85 மீட்டர் நகர்ந்ததாகிவிடும். ஜி.பி.எஸ். காட்டும் இடம் எப்போதும் சில மீட்டருக்குள் அலைந்துகொண்டே இருக்கும், படகும் மிதவையைச் சுற்றி ஆடும். இரண்டு விநாடிக்கு ஒரு புள்ளி என்றால் மூன்று மணி நேரத்தில் 5400 புள்ளிகள். ஒவ்வோர் அடுத்தடுத்த புள்ளிக்கும் இடையே சராசரியாக ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான பொய்த் தூரம் சேர்ந்தாலே தங்கள் 2.6 கடல் மைல் வந்துவிடும். கடைசியாகக் கணக்கில் எடுத்த புள்ளியிலிருந்து 25 மீட்டர் விலகிய பிறகே அடுத்த புள்ளியைத் தூரத்தில் சேர்க்கும்படி மாற்றுங்கள். ஐந்து நாட் (மணிக்கு ஐந்து கடல் மைல்) வேகத்தில் படகு அந்தத் தூரத்தைப் பத்து விநாடியில் கடந்துவிடும். ஆகவே ஓடும்போது கணக்கு கெடாது. வேகத்தைப் புள்ளிகளிலிருந்து கணக்கிடவே வேண்டாம். ஆர்.எம்.சி. வரியிலேயே அது நாட் அளவில் வருகிறது.

இவை எல்லாவற்றையும்விட நான் வலியுறுத்த விரும்புவது வேறு. கருவி அனுப்பும் வரிகளை ஓர் எழுத்தும் மாற்றாமல் அப்படியே ஓர் உரைக் கோப்பில் சேர்த்துக்கொண்டே போங்கள். திருத்தம், வடிகட்டல், கூட்டல், அரை மணி வரி, ஜி.பி.எக்ஸ். மாற்றம் எல்லாம் கரைக்கு வந்த பிறகு அந்த மூலக் கோப்பிலிருந்து செய்யலாம். ஜி.பி.எக்ஸ். கோப்புக்கு இறுதியில் முடிவுக் குறி வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் அது அரைகுறையாகி எந்த மென்பொருளும் ஏற்காது. உரைக் கோப்பில் போவது கடைசி ஒரு வரி மட்டுமே. தாங்கள் தேதியைத் தவறாகவும் இடத்தைத் தவறாகவும் கணக்கிட்டபோது மூல வரிகள் கையில் இருந்திருந்தால் டிசம்பர் 8 பயணத்தை இன்றும் மீட்டிருக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு ஆர்.எம்.சி. வரிகள் மட்டும் என்றால் 130 கிலோபைட்டைத் தாண்டாது. இடத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். பின்னர் ஜி.பி.எஸ்.பேபல் என்ற இலவச மென்பொருள் அதை எந்த வடிவுக்கும் மாற்றித் தரும்.

வாசிக்கும்போது இரண்டு சோதனைகளைத் தவறாமல் செய்யுங்கள். ஆர்.எம்.சி. வரியில் உள்ள நிலைக்குறி 'ஏ' என்றால் இடம் செல்லுபடியாகும், 'வி' என்றால் ஆகாது. வரியின் இறுதியில் உடுக்குறிக்குப் (*) பின் வரும் சரிபார்ப்பு எண்ணை நீங்களும் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். டாலர் குறிக்கும் உடுக்குறிக்கும் இடையே உள்ள எழுத்துகளை எல்லாம் எக்ஸ்-ஆர் (பிட்டுகளை ஒப்பிட்டு, வேறுபட்டால் 1, ஒன்றானால் 0 எனக் கொள்ளும் கணக்கு) செய்தால் அந்த எண் வரும். கம்பியில் உப்பு ஏறிய படகில் சிதைந்த வரிகள் நிச்சயம் வரும்.

மறுமொழி (ஐரோலி, நவி மும்பையிலிருந்து)

மேலே சொன்னவற்றோடு மின்சாரத்தைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். மடிக்கணினியை இத்தகைய படகில் நாள் முழுவதும் ஓட்டுவது வீண். 40 வாட் என்று வைத்தாலும் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து மூன்று ஆம்பியருக்கு மேல் இழுக்கும். எட்டு மணி நேரத்தில் அது 27 ஆம்பியர்-மணி. ராஸ்பெரி பை போன்ற சிறு கணினி 5 வாட்டில் ஓடும் என்பதால் அதே நேரத்துக்கு மூன்றரை ஆம்பியர்-மணி போதும். அதில் ஜி.பி.எஸ்.டி. என்ற நிரலை நிறுவினால் மூல வரிகளைப் பதிவதற்கு உடன் வரும் கட்டளையே போதுமானது.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. நான்காம் தலைமுறை வரையிலான பை பலகைகளில் பேட்டரியுடன் கூடிய கடிகாரம் கிடையாது. இணையம் இல்லாத கடலில் அது கடைசியாக அணைந்த நேரத்தையே இப்போதைய நேரமாகக் கொள்ளும். ஆகவே கோப்பின் பெயருக்கும் வரிகளின் நேரத்துக்கும் ஜி.பி.எஸ். தரும் நேரத்தையே பயன்படுத்துங்கள். அந்த நேரம் உலகப் பொது நேரம் என்பதால் நம் கடிகாரத்தைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். ஞாயிறு காலை ஐந்து மணிக்கு மிதவையை விட்டுக் கிளம்பினால் பதிவில் சனிக்கிழமைத் தேதிதான் இருக்கும். மூலக் கோப்பில் அதை மாற்றாமல், பதிவேடாக அச்சிடும்போது மட்டும் நம் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னபடியே மூல வரிகளைப் பதிந்துகொண்டு டிசம்பர் 15 அன்று மாண்ட்வா போய் வந்தோம். மிதவையில் இருந்த நேரத்துக்குத் தூரம் பூச்சியம் என்று வந்ததைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. போக வர மொத்தம் 19.3 கடல் மைல் என்று கணக்கு சொல்கிறது. நோட்டில் எழுதிய அரை மணிப் புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தால் 16தான் வருகிறது. திரும்பும் வழியில் காற்றை எதிர்த்து மாறி மாறித் திரும்பி ஓடிய வளைவுகள் எல்லாம் அந்த நேர்கோட்டில் விடுபட்டுப் போகின்றன என்பது தடத்தைப் பார்த்த பிறகே புரிந்தது.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. பிற்பகல் மூன்று மணி அளவில் நல்ல காற்று இருந்தது, படகும் விரைந்து ஓடுவதாகவே நால்வரும் உணர்ந்தோம். பதிவில் வேகம் 3 நாட்டைத் தாண்டவில்லை. கருவி குறைத்துக் காட்டுகிறதா?

மறுமொழி (பேலாப்பூர், நவி மும்பையிலிருந்து)

வணிகக் கப்பல்களில் பல்லாண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். கருவி குறைத்துக் காட்டவில்லை, தம்பி. அது தரையைச் சார்ந்த வேகத்தைக் காட்டுகிறது. டிசம்பர் 15 பௌர்ணமி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மும்பைத் துறைமுகத்தில் கடலின் ஏற்றம் நண்பகலை ஒட்டி உச்சத்துக்கு வரும். அதன்பின் மாலை வரை, ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரத்துக்கான நீர் முழுவதும் தெற்கு நோக்கி வெளியே வடிந்தாக வேண்டும். நீங்கள் வடக்கே ஏறிவந்தது அந்த வற்றத்துக்கு, அதாவது வடியும் நீருக்கு, எதிராக. தண்ணீரைச் சார்ந்து படகு ஐந்து நாட் வேகத்தில் ஓடியிருக்கலாம். தண்ணீரோ உங்களைப் பின்னால் இழுத்திருக்கிறது.

பதிவேட்டுக்கு 'லாக்' என்ற ஆங்கிலப் பெயர் வந்ததே, கயிற்றில் கட்டிக் கடலில் எறிந்து வேகம் பார்த்த மரத்துண்டிலிருந்துதான். அது அளந்தது நீரைச் சார்ந்த வேகம். கப்பலில் நாங்கள் இரண்டையும் தனித்தனியே எழுதுவோம். சுக்கானைப் பிடித்த திசையையும் ஜி.பி.எஸ். காட்டும் திசையையும் அப்படியே. மும்பையில் காந்த விலக்கம், அதாவது காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு, ஒரு பாகைக்கும் குறைவு. ஆகையால் உங்கள் திசைகாட்டியின் சொந்தப் பிழையை ஒரு முறை சரிபார்த்துவிட்டால், இந்த இரு திசைகளுக்கும் இடையே எஞ்சும் வேறுபாடு நீரோட்டத்தாலும் காற்றின் தள்ளுதலாலும் வந்தது என்று கொள்ளலாம்.

ஜி.பி.எஸ். வரியில் இல்லாதவற்றுக்கும் பதிவேட்டில் இடம் வையுங்கள். பாயை எப்போது சுருக்கினீர்கள், காற்று எப்போது திரும்பியது, யார் சுக்கானில் இருந்தார், எந்தச் சரக்குக் கப்பலுக்கு எந்தப் பக்கம் வழிவிட்டீர்கள் ஆகியவற்றை எந்தச் செயற்கைக்கோளும் அறியாது. ஒரு விபத்தென்றால் முதலில் கேட்கப்படுபவை இவைதான். கையில் நோட்டு வேண்டாம் என்றால், ஒரு பட்டனை அழுத்தியதும் அந்த விநாடியின் நேரம் குறியாகக் கோப்பில் பதியும்படி செய்யுங்கள். என்ன நடந்தது என்பதை அன்று மாலையே, நினைவு கலையும் முன், நால்வரும் உட்கார்ந்து எழுதிவிடலாம்.

கேட்டவரின் மறுமொழி

மிக்க நன்றி, ஐயா. அன்றைய தடத்தை மீண்டும் பார்த்தேன். போகும்போது, வற்றம் தொடங்கிய பிறகு, 6 நாட்டுக்கு மேல் வந்திருக்கிறது; அதைக் கண்டு அப்போது நாங்கள் பெருமைப்பட்டோம். இனி நீரின் கணக்கையும் சேர்த்தே பார்ப்போம். தண்ணீர் புகாத பட்டன் ஒன்றை லாமிங்டன் ரோட்டில் வாங்கிவிட்டேன்; சுக்கான் பிடிப்பவரின் இடது கைக்கு எட்டும் இடத்தில் பொருத்துகிறோம். அழுத்தும்போதெல்லாம் மூலக் கோப்பிலேயே ஒரு குறிவரி விழும். வடிகட்டும் நிரல் அந்த வரிகளைத் தள்ளிவிடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, அவற்றுக்கும் அதே முறையில் சரிபார்ப்பு எண்ணைச் சேர்த்திருக்கிறேன்.