எண்ணெய் வச்ச வெள்ளிக்கிழமை

குழு: வெள்ளவத்தைக் குடும்பம்

*வெள்ளி*

வசந்தி சித்தி, காலை 7:02
அக்கா, துஷி நேற்றே சொல்லச் சொன்னவள், நான் மறந்துபோனன். இண்டைக்குத் தலையில எண்ணெய் வைக்க வேண்டாமாம்.

பெரியம்மா, 7:20
நல்லெண்ணெய் வச்சு அரை மணித்தியாலம் ஆச்சுது. வெள்ளிக்கிழமையெல்லோ.

துஷி, 7:24
ஐயோ பெரியம்மா. சரி, ரெண்டு தரம் ஷாம்பூ போட்டு முழுகுங்கோ. நாளைக்குக் காலமையும் ஒருக்கா. கொண்டை வேண்டாம், பின்னி விட்டுட்டு வாங்கோ. கிளிப், ஊசி ஒண்டும் குத்தாதேங்கோ.

லோகன் மாமா, 7:31
என்ன நடக்குது? அக்காவுக்கு என்ன? எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?

பெரியம்மா, 7:33
எனக்கு ஒண்டுமில்லை. துஷியின்ர ஆராய்ச்சிக்கு ஈஈஜீ எடுக்கினம், மூளையின்ர மின் அலையைப் பதியிறதாம்.

லோகன் மாமா, 7:35
ஒண்டுமில்லாட்டி என்னத்துக்கு ஈஈஜீ? அது வலிப்புக்காரருக்கு எடுக்கிறது. 74 வயசு மனுசியின்ர தலையில கரண்ட் விடப்போறியளோ?

துஷி, 7:41
மாமா, கரண்ட் விடுறது வேற வைத்தியம். இதில உள்ளுக்கு ஒண்டும் போகாது. மூளையில இருந்து வாறதைத் தோலுக்கு மேல வச்சுப் பதியிறது மட்டும்தான். ரிமோட்டுக்குப் போடுற பற்றரி 1.5 வோல்ட். தலையில வாறது 10 இல இருந்து 100 மைக்ரோவோல்ட் மட்டில். 50 எண்டு வச்சால், அந்தப் பற்றரியில 30,000 இல ஒரு பங்கு.

துஷி, 7:43
வருத்தம் இல்லாத ஆக்களைத்தான் தேடுறம். நல்லா இருக்கிற 74 வயசு மூளை எப்பிடி ஓடுதெண்டு தெரியாமல், வருத்தக்காரரின்ர பதிவில எது வருத்தம், எது வயசு எண்டு எப்பிடிப் பிரிக்கிறது? இருக்கிற பதிவுகளும் கனக்க ஐரோப்பா, அமெரிக்கா ஆக்களின்ரதான்.

லோகன் மாமா, 7:44
அதுக்கு எங்கட அக்காதான் கிடைச்சாவோ

துஷி, 7:46
இது ஒத்திகைப் பதிவு மாமா. ஹான்ஸ் பேர்கர் எண்ட ஜேர்மன் டொக்டர்தான் 1924 இல முதன்முதல் மனுசத் தலையில இதைப் பதிஞ்சவர். அவரும் தன்ர மகனைப் பிடிச்சு இருத்தினவர்தான்.

கபிலன், 7:47
நல்லகாலம் எங்கட அப்பா டொக்டர் இல்லை

*சனி*

லோகன் மாமா, பகல் 12:10
அக்கா வந்திட்டாவோ? போன் எடுக்கிறா இல்லை

லோகன் மாமா, 12:31
ஆராவது சொல்லுங்கோவன்

பெரியம்மா, 1:15
வந்து, தலை கழுவி, சாப்பிட்டுட்டு இருக்கிறன். காலி வீதியில 101 பஸ்ஸிலதான் வந்தனாங்கள்.
நீச்சல் தொப்பி மாதிரி ஒண்டு, 32 ஓட்டை. ஒவ்வொரு ஓட்டைக்குள்ளயும் சிறிஞ்சால ஏதோ கூழ் விட்டினம். ஊசியைக் கண்டதும் எழும்பப் பாத்தனான். முனை மொட்டையாம், குத்தாதாம். ஐஸ் மாதிரிக் குளிர்ந்துது.
அங்க நிண்ட சிங்களப் பிள்ளை நல்ல பதமான பிள்ளை. "எஸ் வஹன்ன அம்மே" எண்டாள். கண்ணை மூடினன். சும்மா இருக்கப் பஞ்சியா இருந்துது, வாய்க்குள்ள தேவாரம் சொன்னன். உடன துஷி ஓடி வந்தாள்.

துஷி, 1:18
திரை முழுக்க மயிர் மயிரா வந்திட்டுது. தாடைத் தசை அசைஞ்சால் மூளை அலை அதுக்குள்ள அமிழ்ந்துபோகும். கண் சிமிட்டினாலும் முன்நெற்றியில மலை மாதிரி எழும்பும்.

பெரியம்மா, 1:22
மனசுக்குள்ள சொல்லுறது ஆருக்குக் கேக்கப்போகுது எண்டு நினைச்சன்.
முடிஞ்சாப்போல பதிவைக் காட்டினவள். கண் திறந்திருக்கேக்க குச்சு குச்சாக் கீறல். மூடினதும் பிடரிப் பக்கக் கோடுகள் மட்டும் சீப்புப் பல்லு மாதிரி எழும்பி வந்துது. ஒரு செக்கனுக்கு ஒரு கோடு போட்டிருக்கு. அதுக்குள்ள பல்லை எண்ணினன். ஒன்பது, சில இடத்தில ஒன்பதரை வரும். 

கபிலன், 1:23
32 வருஷம் கணக்குப் படிப்பிச்ச ஆளுக்குத் திரையைக் காட்டினது உன்ர பிழை துஷி

லோகன் மாமா, 1:25
ஒன்பது காணுமோ? எத்தனை இருக்கோணும்?

துஷி, 1:33
அது அல்ஃபா அலை. 8 இல இருந்து 13 வரைக்கும் அந்தக் கணக்கில சேரும். 20, 25 வயசில பொதுவா 10 மட்டில். வயசு போகப் போக மெல்லமாக் குறைஞ்சு 9 பக்கம் வரும். நரை மாதிரித்தான். மறதி வருத்தத்தில இது இன்னும் இறங்கி, 4 க்கும் 8 க்கும் இடையில இருக்கிற மெல்லலைகள் கூடும். ஆனா ஒராளின்ர ஒரு நாள் பதிவை வச்சு ஒண்டும் சொல்லேலாது. சில பேர் இளமையிலயே ஒன்பதோட ஓடுறவை.

லோகன் மாமா, 1:36
அப்ப அக்காவின்ர மூளைக்கு எத்தனை வயசாம்? யூடியூப்பில ஒருத்தன் சொல்லுறான், கம்பியூட்டர் பாத்துச் சொல்லுமாம்

துஷி, 1:40
கனபேரின்ர பதிவையும் வயசையும் காட்டிப் பழக்கினால், புதுப் பதிவைப் பாத்து வயசை ஊகிக்கும்தான். நல்ல சுகமா இருக்கிற ஆளிலயும் பல வருஷம் பிழையாச் சொல்லும். ஆயிரம் பேரைச் சேத்துப் பாக்கத்தான் அது உதவும், வீட்டுக்கு ஒரு நம்பர் எழுதிக் குடுக்க இல்லை.

லோகன் மாமா, 1:41
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கபிலன், 1:41
நான் வாசிச்சிட்டன் மாமா

துஷி, 1:52
பெரியம்மா, ஒரு கெட்ட செய்தி. திரும்ப எடுக்கோணும். கடைசி அரை மணித்தியாலம் ஏசி நிண்டதெல்லோ. வியர்த்ததால கோடெல்லாம் கடல் அலை மாதிரி மெல்ல ஏறி இறங்குது. பாத்தால் மூளையின்ர ஆக மெல்லமான அலை மாதிரி இருக்கு. வயசாளிகளில நாங்கள் தேடுறதும் மெல்லலைதான். கொழும்புப் புழுக்கத்தை மூளை வருத்தம் எண்டு எழுதி வச்சிடுவம்.

வசந்தி சித்தி, 1:54
அத்தானையும் கூட்டிக்கொண்டு போனியே, அவருக்கும் எடுத்ததோ?

பெரியம்மா, 1:57
அவரை எடுக்கேல்லை. பூப் பூப் எண்டு சத்தம் வரும், இடைக்கிட பீப் எண்டு ஒண்டு வரும், அதை எண்ணோணும். அதுக்கு முதல் காது பாத்தவை. பீப்பே வரேல்லை, மெஷின் பழுது எண்டு நிக்கிறார்.

துஷி, 2:03
அந்தப் பீப் வந்து 300 மில்லி செக்கன் மட்டில மூளையில ஒரு மேடு எழும்பும். வயசு போக அது கொஞ்சம் பிந்தும். காது கேக்காட்டி, மூளை பிந்தினதோ காது விட்டதோ தெரியாது. பெரியப்பாவைக் காதுக்குக் காட்டுங்கோ. 2024 இல லான்செட் எண்ட மருத்துவ இதழின்ர அறிக்கையில, பாத்துக்கொண்டால் மறதி வருத்தத்தின்ர ஆபத்தைக் குறைக்கலாம் எண்டு சொன்ன 14 விஷயத்தில காதும் ஒண்டு.

பெரியப்பா, 2:20
வணக்கம். எனது காது சரியாகவே உள்ளது. மெஷினைப் பார்க்கச் சொல்லவும்.

பெரியம்மா, 2:21
பக்கத்து அறையில இருந்து மூண்டு தரம் கூப்பிட்டுட்டன், தேத்தண்ணி ஆறுது. போனில எழுதிக்கொண்டிருக்கிறார்.

வசந்தி சித்தி, 2:22
திங்கள் காதுக்குக் காட்டுவம், நான் நம்பர் எடுக்கிறன்

துஷி, 2:25
பெரியம்மா, வாற சனி வரேலுமோ?

பெரியம்மா, 2:31
சனி வேண்டாம், வெள்ளி முழுக்கு ரெண்டாந்தரமும் வீணாப்போகும். வியாழன் வை. செவ்வாய் வச்ச எண்ணெய் அதுக்குள்ள போயிடும். ஏசி வேலை செய்யுதோ எண்டு முதல் பாத்துட்டுச் சொல்லு.